இருட்டில் மஞ்சளாகும் வெள்ளை

“மூணே நாள்ல இப்படிக் கிழடு தட்டியிருக்குன்னா, இதுக்கு வீட்டுல ஏதோ பெரிய பிரச்சினை பாஸ்,” என்றாள் டூலா.

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற ராக்கெட்டைப் பற்றித்தான் சொன்னாள். ஒரு மீட்டர் உயரம். அட்டைக் குழாயில் உடம்பு, பால்சா மரத்தில் மூன்று இறக்கை, பிளாஸ்டிக்கில் கூர்மூக்கு. போன சனிக்கிழமைவரை பால் வெள்ளையாக இருந்ததாம். செவ்வாய்க்கிழமையான இன்று பழைய பியானோவின் கட்டைகள் மாதிரி மஞ்சளாக நின்றது.

டென்சில் பாஸ்கோ தனியார் துப்பறிவாளர்; டூலா அவருடைய உதவியாளர். அறுபத்தொரு வயதிலும் டூலாவின் கிண்டல் ஒவ்வொன்றுக்கும் சில்லறை பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறவர் அவர். இன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் நிறுத்தி வைத்த பையன் போல நின்றார். அடிலெய்டிலிருந்து போர்ட் ஆர்டனுக்கு மூன்று மணி நேரப் பயணம். வழியில் வாங்கிய, கறி அடைத்த பேஸ்ட்டியைக்கூட அவர் பிரிக்கவில்லை. டூலா அதையும் கவனித்திருந்தாள். அவருடைய பங்கையும் சேர்த்து அவளே சாப்பிட்டிருந்தாள்.

“சிகரெட் புகையா இருக்குமோ?” என்று கேட்டாள்.

“எங்க சங்கத்துல யாரும் பிடிக்கிறதில்ல,” என்றாள் டீகன்.

டீகன்தான் அவர்களை வரவழைத்தவள். போர்ட் ஆர்டன் ராக்கெட் சங்கத்தின் செயலாளர், இருபத்தொன்பது வயது. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை இடது பக்கமாகத் திருப்பி வலது கண்ணால் பார்த்தாள். இடது கண் கண்ணாடிக் கண். நன்றாகச் செய்திருந்தார்கள், தெரியாதவர்களுக்குத் தெரியாது. டென்சிலுக்குத் தெரியும்.

“நேரா விஷயத்துக்கு வர்றேன்,” என்றாள் அவள். “வர்ற சனிக்கிழமை எங்க விழா. சங்கத்தை ஆரம்பிச்ச கொன்ராட் ஓல்மனுக்கு ஆயுள்கால உறுப்பினர் பட்டம் குடுக்கிறோம். இது அவரோட ராக்கெட். இருபத்திரண்டு வருஷமா இந்தப் பெட்டியிலதான் நிக்குது. விழாவுக்கு முன்னாடி யாரோ இதை நாசம் பண்ணிட்டாங்க. யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஆதாரம்தான் வேணும்.”

“யாரு?”

“ஹாலெட். படகுத்துறையில தூண்டில் கடை வச்சிருக்காரே, அவர்தான். ஒரு காலத்துல இங்க அறிவியல் வாத்தியாரா இருந்தார். நான் ஏழு வயசுல இவங்க பறக்கவிடறதைப் பாக்க வந்தேன். அவர் விட்ட ராக்கெட்டுல பாராசூட் விரியல. நேரா வந்து இறங்குச்சு.” அவள் விரலால் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “வேலை போச்சு, ஊரை விட்டுப் போனார். மூணு வருஷம் முன்னாடி திரும்பி வந்திருக்கார். அந்த வன்மம்தான். நாளைக்குள்ள உங்க அறிக்கை கெடைச்சா போலீஸ்ல புகார் குடுத்துடுவோம்.”

அறிக்கை என்ற சொல் வந்ததும் டென்சில் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“பெட்டியைத் திறங்க,” என்றார்.

சாவி தேவைப்படவில்லை. பூட்டைப் பார்த்ததும் டூலா தலையிலிருந்து ஒரு ஊக்கை உருவி இரண்டு திருப்பு திருப்பினாள். பூட்டு வாயைப் பிளந்தது. “இதைப் பூட்டுன்னு சொன்னா பூட்டெல்லாம் கோவிச்சுக்கும்,” என்றாள்.

டீகன் ராக்கெட்டை வெளியே எடுத்தாள். குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, கூர்மூக்கின் நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். அங்கே ஒரு நசுங்கல் இருந்தது. கோழிமுட்டையின் முனையை மேசையில் தட்டியது போல.

“இதையும் அடிச்சு நசுக்கிட்டான் பாருங்க,” என்றாள்.

டென்சிலுக்கு அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டும் போலிருந்தது. அவள் விரல் அந்த நசுங்கலின் மேலேயே இருந்தது. “குடுங்கம்மா, நான் பாக்குறேன்,” என்று மட்டும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கை நீண்டுவிட்டது. டூலா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

அவர் அதை ஜன்னலோரம் கொண்டு போனார். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்; பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். காலையிலிருந்து மாலைவரை வெயில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேல்தான் விழும்.

“டீகன், இதுல இருக்கற சிவப்பு எழுத்தைப் பாருங்க. போன வாரம் இப்படித்தான் இருந்துச்சா?”

அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உடம்பு நெடுகச் சங்கத்தின் பெயர் சிவப்பில் ஒட்டியிருந்தது. தக்காளிச் சிவப்பு.

“இல்ல,” என்றாள் மெதுவாக. “அது வெளிறிப் போயிருந்துச்சு. ரோஸ் கலர்ல. புதுசா ஒட்டணும்னு நானே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். கொன்ராட் வேண்டாம்னுட்டார்.”

“ஆக, வெள்ளைக்கு வயசாயிருக்கு, சிவப்புக்கு இளமை திரும்பியிருக்கு,” என்றாள் டூலா. “எங்க அத்தையும் அப்படித்தான். முடி நரைச்சாச்சு, உதட்டுச்சாயம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு.”

“இது அந்த ராக்கெட்டே இல்ல,” என்றார் டென்சில். “மாத்தி வச்சிருக்காங்க. இது வேற.”

டீகன் சிவப்பு எழுத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். டூலாவுக்கு அதற்குள் வேறொரு வேலை கிடைத்திருந்தது. சுவரோரத்து அலமாரியில் சங்கத்தின் பழைய செய்தி மடல்கள் வருஷவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பெயின்ட்டைப் பற்றி வந்த ஒவ்வொன்றையும் உருவி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ், கேளுங்க. ‘வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருப்பது எப்படி.’ எழுதினது கொன்ராட் ஓல்மன்.” தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். “‘மெல்லிய பூச்சாகப் பல முறை அடியுங்கள். ஒவ்வொன்றும் முழுக்கக் காயும்வரை பொறுங்கள். அவசரக்காரன் பெயின்ட் டப்பாவைத் தொடக்கூடாது. புதிதாகச் செய்கிறவர்கள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கையே வாங்குங்கள். மேலே வெயிலைத் தாங்கும் தெளிபூச்சு ஒன்று போதும், காலத்துக்கும் மஞ்சளாகாது. பழைய எண்ணெய்ப் பெயின்ட் அடித்த ராக்கெட் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வெயில்தான் மஞ்சளாக்கும் என்று பயந்து அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். எண்ணெய்ப் பெயின்ட் இருட்டில்தான் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வையுங்கள். சிவப்பு எழுத்து வெளிறத்தான் செய்யும். இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.’”

மடித்து வைத்தாள். “மனுஷன் பெயின்ட்டைப் பத்தி எழுதச் சொன்னா பாவமன்னிப்புக் கேக்குற மாதிரி எழுதியிருக்கார்.”

டென்சில் கேட்டுக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்திருந்தார். மூக்கும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய வளையம். தொழிற்சாலைப் பூச்சு மாதிரி வழுவழுப்பாக இருந்த மற்ற இடங்களுக்கு நடுவே அங்கே மட்டும் தூரிகைத் தடம். யாரோ அவசரமாக ஒரு கீறலை மறைத்திருக்கிறார்கள். மூக்கைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. பெயின்ட் அதை உடம்போடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது.

அந்த வளையத்துக்குள், காய்ந்துபோன பெயின்ட்டுக்குள், பூச்சி அகப்பட்டது போல மூன்று நான்கு பச்சை நூல்கள். கம்பளி.

பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டார்.

“டீகன், நாளைவரைக்கும் வேண்டாம். இன்னிக்கு சாயங்காலமே பதில் சொல்றேன். அதுவரைக்கும் போலீஸுக்குப் போகாதீங்க. இந்த ராக்கெட் என்கிட்டயே இருக்கட்டும்.”

“ஹாலெட்தானா?”

“சாயங்காலம்,” என்றார் டென்சில்.

* * *

காரை டூலாதான் ஓட்டினாள். பின் இருக்கையில் ராக்கெட்டுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தாள். சதுப்புநில மரங்களைத் தாண்டி உப்பங்கழியோரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

“எதுக்கு நிறுத்துன?”

“பாஸ், நாலு வருஷமா உங்ககூட இருக்கேன். செத்தவனோட வீட்டுலகூட நீங்க சாண்ட்விச் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பாத்திருக்கேன். இன்னிக்குப் பேஸ்ட்டியைத் தொடல. அந்தப் பொண்ணை நிமிந்து பாக்கல. அவளுக்கு எந்தக் கண்ணு இல்லைன்னு அவ சொல்றதுக்கு முன்னாடியே நீங்க அந்தப் பக்கமாப் போய் நிக்காம ஒதுங்கி நின்னீங்க. இந்த ஊருக்கு நீங்க முன்னாடி வந்திருக்கீங்க.”

டென்சில் தண்ணீரைப் பார்த்தார். அலையில்லாத வளைகுடா. தூரத்தில் ஒரு படகு நகராமல் நின்றது.

“இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில விசாரணை ஆபீசர்,” என்றார். “அந்த விபத்தை விசாரிக்க என்னைத்தான் அனுப்பினாங்க.”

டூலா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ரெண்டு ராக்கெட் விட்டாங்க. இரட்டைப் பிள்ளை மாதிரி. கொன்ராடும் ஹாலெட்டும் சேந்து செஞ்சது. ஒரே வரைபடம், ஒரே டப்பா பெயின்ட், ஒரே சிவப்பு எழுத்து. ஒண்ணு பாராசூட்டோட அழகா இறங்குச்சு. இன்னொண்ணு அந்தக் கொழந்தை மேல விழுந்துச்சு. நல்லா இறங்கினது என்னுதுன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. கொன்ராட் சங்கத்தலைவர், சர்ச்சுல பெரிய மனுஷன், அழுதுகிட்டே பேசினார். ஹாலெட் கோவக்காரர், என்னையே முட்டாள்ங்கற மாதிரி பேசினார். எனக்கு யாரைப் பிடிச்சிருக்கும்?”

“விழுந்த ராக்கெட் எங்கன்னு கேக்கலையா?”

“கேட்டேன். அதைப் பாக்கவே சகிக்கல, அன்னிக்கே போட்டுக் கொளுத்திட்டேன்னு கொன்ராட் சொன்னார். அவரோட பிக்கப் வண்டி பக்கத்துலதான் நின்னுச்சு. பின்னாடி பச்சைக் கம்பளிப் போர்வையில ஏதோ சுத்தி வச்சிருந்துச்சு. இவ்வளவு நீளம். இது என்னன்னு கேட்டேன். தூண்டில் கோலுன்னார்.”

“சரி.”

“டூலா, நான் பத்து வயசுலேர்ந்து மீன் பிடிக்கிறவன். தூண்டில் கோலை எப்படிச் சுத்தி வச்சாலும் அந்தத் தடிமன் வராது. எனக்கு அது தெரியும். அப்பவே தெரியும்.” நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். “அன்னிக்கு வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை வரைக்கும் லீவு. என் படகைக் காருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டே விசாரணைக்கு வந்திருந்தேன். மீன் நல்லா கடிக்குதுன்னு கூட்டாளிங்க போன்மேல போன். போர்வையை விலக்கிப் பாத்தா மறுபடி எல்லாரையும் கூப்பிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பாக்கல.”

டூலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணும் இருக்கு. சாயங்காலம் படகுத்துறையில இருக்கும்போது ஹாலெட் போன் பண்ணினார். ‘அவங்கவங்க ராக்கெட்டுல அவங்கவங்க இனிஷியலைக் குழாய்க்குள்ள பென்சில்ல எழுதியிருக்கோம். பெட்டியில வச்சிருக்கறதோட மூக்கைக் கழட்டி உள்ள பாருங்க, போதும்’னார். நோட்டுல குறிச்சுக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில அறிக்கையில கையெழுத்துப் போட்டேன். திரும்ப வந்து பாக்கல. என் கையெழுத்து விழுந்ததுக்கப்புறம் சங்கத்துல யாரும் அவர் பேச்சைக் கேக்கல. விசாரணை முடிஞ்சு போச்சு, பெட்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க.”

ஒரு கடற்காக்கை வண்டியின் முன்பக்கம் வந்து உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பறந்தது.

“என்னைத் திட்டணும்னா திட்டு,” என்றார் டென்சில்.

“திட்டறதுக்கு எனக்குக் காசு குடுக்கறதில்லையே நீங்க,” என்றாள் டூலா. வழக்கமான வேகம் குரலில் இல்லை. சாவியைத் திருகினாள். “அப்ப இது ஹாலெட்டோட வேலையா இருக்க முடியாது. இது இத்தனை வருஷம் இருட்டுல கெடந்துருக்கு. வெச்சிருந்தவர் கொன்ராட். அவர்கிட்டேருந்து ஹாலெட் திருடிக் கொண்டாந்து பெட்டியில வச்சிருந்தா மட்டும்தான் உண்டு.”

“நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். எப்படியோ அது ஹாலெட் கையில கெடைச்சிருக்கு. உண்மையை ஊர் முன்னாடி வைக்கிறதுக்கு அவருக்கு வேற வழி இல்ல.”

“இல்லாம பண்ணினது யாரு,” என்று டூலா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

* * *

கொன்ராட் ஓல்மனின் வீட்டு வாசற்கதவு திறந்தே கிடந்தது. டூலா தட்டுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உள்ள வாங்க. காபி போட்டு வச்சிருக்கேன்.”

சமையலறை மேசையில் மூன்று கோப்பைகள். கொன்ராடுக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. விழாவுக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். ஜன்னல் விளிம்பில், மூலிகைச் செடித் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை ராக்கெட் நின்றது. எழுத்துகள் வெளிறிய ரோஸ் நிறத்தில்.

டூலா அதையும் கொன்ராடையும் பார்த்தாள். “பாஸ்,” என்றாள் தாழ்ந்த குரலில், “ஹாலெட் திருடலை.”

டென்சில் கையிலிருந்த மஞ்சள் ராக்கெட்டை மேசைமேல் கிடத்தினார். வழி நெடுக அவர் கட்டிவைத்திருந்த கணக்கு சரிந்து போயிருந்தது.

“நீங்களேதான் மாத்தி வச்சிருக்கீங்க,” என்றார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம். எல்லாரும் பறக்கவிடற மைதானத்துல இருந்தாங்க.” கொன்ராட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “திங்கக்கிழமை டீகன் போன் பண்ணி ஹாலெட் நாசம் பண்ணிட்டான்னு அழுதா. அவ அப்படி எடுத்துக்குவான்னு நான் யோசிக்கவே இல்ல. பெயின்ட்டைப் பாத்தா புரிஞ்சுக்குவாங்கன்னு நெனைச்சேன். நான்தானே அவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். எது இருட்டுல இருந்தது, எது வெளிச்சத்துல இருந்ததுன்னு பாத்ததும் தெரியணுமே.”

“வாயில சொல்லியிருக்கலாமே,” என்றாள் டூலா.

“சொல்லியிருக்கலாம்.” அவர் தலையாட்டினார். “எட்டாயிரம் நாளும் சொல்லியிருக்கலாம். கார் ஷெட்டுல மேல பரண்ல, அந்தப் போர்வையிலயே சுத்தி வச்சிருந்தேன். கொளுத்தணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். முடியல. கொளுத்திட்டா நடந்ததே இல்லைன்னு ஆயிடும்ல.”

டென்சில் மஞ்சள் ராக்கெட்டின் மூக்கடியில் இருந்த வளையத்தைத் தொட்டார். “கீறல் விழுந்திருந்துச்சா?”

“காலையில வண்டியிலேருந்து இறக்கும்போது. இத்துனூண்டுக் கீறல். பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வர்றாங்க. வெள்ளையில ஒரு கறுப்புக் கோடு தெரியுதேன்னு ஒரு கோட்டிங் குடுத்தேன். காயறதுக்குப் பொறுக்கல. மூக்கு உடம்போட ஒட்டிக்கிச்சு. பாராசூட்டை வெளிய தள்றதுக்கு உள்ள இருக்கற வெடிமருந்து வெடிச்சும் மூக்கைத் தள்ள முடியல, பின்பக்கமாப் பீச்சிட்டுப் போயிடுச்சு. பாராசூட் இன்னும் உள்ளதான் இருக்கு.” அவர் அதைப் பார்க்காமலே சொன்னார். “அந்தக் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா ஓடறாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ராக்கெட்டைத் தூக்கிக்கிட்டு வண்டிக்கு ஓடினேன்.”

காபியில் ஆடை படிந்தது.

“அப்புறம் அவ பதினோரு வயசுல வந்து சங்கத்துல சேந்தா. ராக்கெட்டுன்னா பயமா இருக்கு, அதனால செய்யக் கத்துக்கணும்னு சொன்னா. ஒரு கண்ணை வச்சுக்கிட்டு இறக்கையை நேரா ஒட்ட எவ்வளவு கஷ்டப்பட்டா. பக்கத்துல உக்காந்து நான்தான் சொல்லிக்குடுத்தேன். கொன்ராட் இல்லைன்னா நான் இல்லைன்னு போன மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னா. பட்டம் குடுக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்ததே அவதான். நான் எப்படிங்க மேடை ஏறுவேன்?”

டென்சில் ஜன்னல் விளிம்பிலிருந்து வெள்ளை ராக்கெட்டை எடுத்தார். மூக்கைப் பிடித்து இழுத்தார். பேனா மூடியைப் போலச் சுலபமாகக் கழன்று வந்தது. வெளிச்சத்துக்கு நேராகக் குழாயைத் திருப்பினார். உள்ளே அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: எம்.எச்., ஹாலெட்டின் இனிஷியல்.

இதைச் செய்ய நாலு நொடிகூட ஆகவில்லை. அவர் எண்ணிப் பார்த்தார்.

“அழிச்சிருக்கலாமே நீங்க,” என்றாள் டூலா.

“ரப்பரோட பல தடவை போயிருக்கேன்,” என்றார் கொன்ராட். “இந்த ஒண்ணையாவது பண்ணாம இருப்போம்னு திரும்பிடுவேன்.”

டென்சில் எதிரே உட்கார்ந்தார். கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டார். “என்னை யார் கூப்பிடச் சொன்னது? டீகனுக்கு என் பேர் எப்படித் தெரியும்?”

கிழவர் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார். கண்ணில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் டென்சிலுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

“நான்தான். அடிலெய்டுல பாஸ்கோன்னு ஒருத்தர் இருக்கார், அவரைக் கூப்பிடுன்னேன். வேற யார் வந்தாலும் என்னை மட்டும்தான் கண்டுபிடிப்பாங்க.” மேசையில் விரலால் ஒரு கோடு போட்டார். “அன்னிக்கு நீங்க அந்தப் போர்வையைப் பாத்தீங்க. உங்க கை அதுக்கிட்ட வரைக்கும் போச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். விலக்கிடணும்னு வேண்டிக்கிட்டேன், சத்தியமா. நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க.”

டூலா எழுந்து குழாயடிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு தம்ளரைக் கழுவினாள்.

“ஆமா,” என்றார் டென்சில். “பாத்தேன்.”

“உங்களைக் குத்தம் சொல்றதுக்கில்ல. பொய் சொன்னது நான்.”

“நான் அதை நம்பல. நம்பாமலே எழுதினேன். உங்களுது பயம். என்னுது சோம்பேறித்தனம். எது பெருசுன்னு ஹாலெட்தான் சொல்லணும்.”

கொன்ராட் சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். “டீகன்கிட்ட நீங்க சொல்லிடறீங்களா?”

“இல்ல. அதை நீங்கதான் சொல்லணும். நான் ஹாலெட்கிட்டப் போறேன். எனக்கு அந்த வேலை இருக்கு.”

கொன்ராட் எழுந்து போய் எண்களை அழுத்தினார். “டீகன்? கொன்ராட் பேசறேன். வீட்டுக்கு வர்றியா? இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ வந்ததும் சொல்றேன். உக்காந்து சொல்ற விஷயம்.”

மஞ்சள் ராக்கெட்டை அவர் முன்னாலேயே விட்டுவிட்டு, வெள்ளையை எடுத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். தெருமுனையில் திரும்பும்போது டீகனின் சிறிய நீலக் கார் எதிரே வந்தது. அவள் இவர்களைப் பார்த்துக் கையாட்டினாள். டென்சிலும் கையைத் தூக்கினார், ஆட்ட முடியவில்லை.

* * *

தூண்டில் கடையில் ஹாலெட் ஒரு தம்பதிக்குக் கணவாய் எடை போட்டுக்கொண்டிருந்தார். உயரமான, ஒட்டிய கன்னங்கள் கொண்ட மனிதர். டென்சிலைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் தராசின் மேலேயே நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அதிலேயே தெரிந்தது. ஆனால் தம்பதிக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்து, எந்தப் பாலத்தடியில் மீன் கிடைக்கும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பி, கையைக் கழுவி, துடைத்துக்கொண்ட பிறகுதான் வந்தார்.

“என்ன வேணும்?”

டென்சில் வெள்ளை ராக்கெட்டைக் கல்லாப் பலகைமேல் வைத்தார். பேச ஆரம்பித்தார். வழியில் நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். நான்கும் மறந்து போயின. பச்சைப் போர்வை, படகு, போன் அழைப்பு, கையெழுத்து, எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொல்லி முடித்தார். எங்கேயும் ‘ஆனால்’ என்று ஒரு வார்த்தை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். ஹாலெட் கை துடைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சே விட்டுட்டுப் போனீங்க,” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“நான் அன்னிக்கு உங்களை முட்டாள்னு நெனைச்சேன். இத்தனை நாளும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு முட்டாள்கிட்ட மாட்டிக்கிட்டோம், என்ன பண்றதுன்னு.” ஹாலெட் ராக்கெட்டைத் தொடவில்லை. “அது கொஞ்சம் சுலபமா இருந்துச்சு.”

“மன்னிப்புக் கேக்கணும்.”

“கேட்டுக்கோங்க. அதை வச்சு நான் என்ன பண்றது? அந்தப் பொண்ணு நான் துறையில வந்தா எதிர்ப்பக்கம் போயிடுது. என் வீட்டுக்காரி கடைசிவரைக்கும், ஒருவேளை நீங்கதானோன்னு கேட்டுட்டுதான் போனா. எங்க போனாலும் அந்த அறிக்கையோட நகல் எனக்கு முன்னாடி போய் உக்காந்துக்கிச்சு. மன்னிப்பு வேண்டாம். அந்த அறிக்கையை மறுபடி எழுதுங்க.”

“ஊருக்குப் போனதும் முதல் வேலையா—”

“இங்க. இப்ப. எழுதிட்டு, சனிக்கிழமை அந்தக் கூட்டத்துல நீங்களே நின்னு வாசிக்கணும். நான் பின்னாடி உக்காந்து கேக்கணும்.”

“சரி,” என்றார் டென்சில்.

ஹாலெட் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இழுத்துப் போட்டார். டூலா பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். பலகையில் கணவாயின் ஈரம் இருந்தது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

டென்சில் எழுதத் தொடங்கினார். தேதி. ஊர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்ட அறிக்கை தவறானது. தவறு என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் கையெழுத்திட்டேன். விபத்துக்கும் கீழ்க்கண்டவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மார்வின் ஹாலெட், அப்போது ஆசிரியர்...

கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்த ஹாலெட் விரலை நீட்டி அந்த இடத்தில் வைத்தார்.

“மெர்வின்,” என்றார். “என் பேரு மெர்வின். போன தடவையும் மார்வின்னுதான் எழுதியிருந்தீங்க.”

டென்சில் பேனாவைத் தூக்கினார். இத்தனை வருஷமும் விழித்துக் கிடந்த எத்தனையோ விடியற்காலைகளில் அவர் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது மார்வினிடம். அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை.

அவர் அடிக்கவில்லை, திருத்தவில்லை. தாளை முழுசாகக் கிழித்தெடுத்தார். டூலா நோட்டை அவர் பக்கம் நகர்த்திப் புதுப் பக்கத்தைத் திறந்து, காற்றில் புரளாமல் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

“நிதானமா எழுதுங்க,” என்றார் மெர்வின் ஹாலெட். கடை வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரைப் பார்த்து, அப்புறம் வாங்க என்று சைகை காட்டினார். “எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”